எவருடைய கண்? வன்னியின் ஒழுங்கும் அதைத் தாங்கும் வடிவமைப்பும்

இலங்கையின் வடக்கே, வன்னிப் பெருநிலத்தை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதியில் கிளிநொச்சிக்குத் தெற்கே, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனங்கள் நிற்கின்றன. சொகுசுப் பேருந்தும் நிற்கிறது, நெல்மூடை ஏற்றிய பாரவூர்தியும் நிற்கிறது. சாரதி இறங்கி முகம் கழுவுகிறார், கற்பூரம் கொளுத்துகிறார், தேங்காய் உடைக்கிறார், திருநீறு பூசிக்கொண்டு ஒரு சரை கச்சானும் வாங்கியபின் மீண்டும் ஏறுகிறார். நிறுத்தாமல் போனவரைப் பிடித்துத் தண்டம் அறவிடும் சட்டம் எதுவும் இல்லை. ஆயினும், நெடுந்தூரம் ஓடிக் களைத்த சாரதி காட்டு வீதியின் நடுவே ஓய்வெடுக்கும் இடமாக அது தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. வீதி விபத்துகளைத் தடுக்க நிபுணர் குழு ஒன்று இருந்து திட்டமிட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமான இடத்தில், இதைவிடக் குறைந்த செலவில் ஓர் ஓய்விடத்தை அமைத்திருக்குமா என்பது ஐயமே.

அதே வீதியில் இன்னும் தெற்கே ஓமந்தையிலும் ஒரு காலத்தில் எல்லா வாகனங்களும் நின்றன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 திறக்கப்பட்டபோது, அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லையாக அமைந்த அந்தச் சோதனைச் சாவடியில் மக்கள் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழிந்து, 2015 இல் சாவடி அகற்றப்பட்டது. மறுநாள் முதல் அங்கே வேகத்தைக் குறைக்கவும் எவருக்கும் காரணம் இருக்கவில்லை. இரண்டு இடங்களிலும் மனிதர்கள் ஒரே செயலைத்தான் செய்தார்கள், நின்றார்கள். ஓரிடத்தில் அந்தச் செயல் நிலைத்தது, மற்ற இடத்தில் காவலாளியோடு சேர்ந்து போய்விட்டது. குற்றத்தைத் தடுப்பது, ஒழுங்கைப் பேணுவது பற்றிய உலகளாவிய ஆய்வுகள் பலவும் கடைசியில் இந்த வேறுபாட்டைத்தான் விளங்கிக்கொள்ள முயல்கின்றன. அதை வன்னியிலிருந்து பார்ப்பது கூடுதல் தெளிவைத் தரும், ஏனெனில் ஒழுங்கை உண்டாக்கும் வழிகள் அநேகமாக எல்லாவற்றையும் இந்த நிலம் ஒரு நூற்றாண்டுக்குள் கண்டுவிட்டது.

மனிதரின் நடத்தையை நெறிப்படுத்தச் சமூகங்கள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. இடத்தையும் பொருளையும் மாற்றியமைத்து, தவறு செய்வதைக் கடினமாக்குவது ஒரு வழி. மனிதரையே பழக்கி, தவறு செய்ய அவர் மனம் கூசும்படி வளர்ப்பது மற்ற வழி. தோட்டத்துக்கு வேலியடைப்பது முதலாவது. அயலான் தோட்டத்தில் கை வைக்கக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது இரண்டாவது. வேலியைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு எல்லை என்பது சொல்லாமலே விளங்கிவிடுவதால், இவ்விரண்டும் நடைமுறையில் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே இருக்கின்றன.

நெடுங்காலமாகக் குற்றவியல் ஆய்வு குற்றவாளியின் குணத்தையும் வளர்ப்பையும் வறுமையையும் பற்றியே பேசிவந்தது. 1979 இல் லோரன்ஸ் கோஹன், மார்கஸ் பெல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு குற்றம் நடப்பதற்கு மூன்று கூறுகள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சேரவேண்டும் என்றார்கள்: செய்யத் துணிந்த ஒருவர், அவருக்கு வசதியான ஓர் இலக்கு, தடுக்கக்கூடியவர் அருகில் இல்லாமை. வயற்கரையில் இரவு விடப்பட்ட நீரிறைக்கும் இயந்திரத்தை எண்ணிப் பார்த்தால் இது உடனே விளங்கும். ஊரில் திருட எண்ணும் ஒருவர் எப்போதும் இருக்கக்கூடும். ஆனால் இயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தாலோ, அயல் வயலில் காவற்குடில் போட்டு ஒருவர் படுத்திருந்தாலோ அன்றிரவு திருட்டு இல்லை. திருட எண்ணியவரின் மனம் மாறவேயில்லை. சந்தர்ப்பம் மட்டும் இல்லாமற் போயிற்று.

இதற்கு எதிராக எழும் இயல்பான மறுப்பு, இங்கே தடுத்தால் வேறோர் இடத்தில் போய்ச் செய்வார் என்பது. சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு அது நடப்பதில்லை என்பதற்கு மேற்கு ஜேர்மனியின் அனுபவம் நல்ல சான்று. 1980 இல் தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு அங்கே தண்டம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் உயிரைக் காப்பது மட்டுமே. அவ்வாண்டு ஏறத்தாழ 150,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986 அளவில் ஏறத்தாழ 54,000 ஆகக் குறைந்தன. கண்டவுடன் எடுத்துக்கொண்டு ஓடும் திருடர் தலைக்கவசத்தோடு வருவதில்லை. தலைக்கவசமின்றி ஓடினால் அடுத்த சந்தியிலேயே பொலிஸார் மறிப்பார்கள். காரோ சைக்கிளோ அந்த அளவுக்குக் கூடுதலாகத் திருடப்படவில்லை. திருட்டில் பெரும்பகுதி திட்டமிட்ட தொழிலாக இல்லாமல், வசதி கண்ட கணத்தில் நடந்த செயலாகவே இருந்திருக்கிறது.

எங்கள் நாட்டிலேயே இதைவிட ஆழமான ஒரு சான்று உண்டு. அது குற்றம் பற்றியதன்று. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வது பற்றியது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அவ்வாண்டில் மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளும், 1998 இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. பத்து ஆண்டுகளுக்குள் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் நாட்டில் துயரம் குறைந்தது என்று வன்னியில் யாரும் சொல்லமாட்டார்கள். போரும் இடப்பெயர்வும் கடனும் நீடித்தபோதும், கமக்காரரின் கொட்டிலில் இருந்த போத்தலின் உள்ளடக்கம் மாறியதால் பல்லாயிரம் உயிர்கள் தப்பின. மனிதரின் உள்ளத்தைத் திருத்தும்வரை காத்திராமல், கைக்கு எட்டும் பொருளைத் திருத்துவதன் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறெதையும் நான் அறியேன்.

வன்னியின் மிகப் பழைய ஒழுங்கு வடிவமைப்பு குளம்தான். குளக்கட்டு, நீரைத் திறந்துவிடும் துருசு, மிகைநீர் வழியும் வான், வாய்க்கால் என்பவை நீரைத் தேக்கவும் பாய்ச்சவும் அமைந்தவை என்று மட்டும் எண்ணுவது போதாது. கமக்காரர்களின் நடத்தையையும் அவையே கட்டுப்படுத்துகின்றன. 1902 இல் தொடங்கி 1920 இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் கீழ் மாரிமழையோடு வரும் காலபோகத்தில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் விதைக்கப்படுகிறது. கோடையில் வரும் சிறுபோகத்துக்கு அவ்வளவுக்கும் நீர் போதாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பவற்றை விதைப்புக்கு முன் கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். அரச அதிபர் தலைமையில் நடைபெறும் இக்கூட்டத்துக்கு 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அடிப்படையாக உள்ளது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே சிறு குளங்களின் கட்டுகளில், ஆலமர நிழலில், இதே தீர்மானங்கள் வாய்மொழியாக எடுக்கப்பட்டு வந்தன.

கூட்டத்தின் தீர்மானத்தை வயலில் நிறைவேற்றுபவர் வட்டவிதானையார். ஒரு வாய்க்காலின் கீழுள்ள கமக்காரர்கள் தம்முள் ஒருவரைத் தெரிவு செய்கிறார்கள். அவருக்கான கூலியை நெல்லாக அளந்து கொடுப்பது பழைய வழக்கம். அவரும் அதே வாய்க்காலில் வயல் வைத்திருப்பவர். நீர் வீணானால் அவருடைய பயிரும் வாடும், முறை தவறி நீர் விட்டால் அயலவர் உடனே அறிவர். தலைமடையில் இருப்பவருக்கு நீரைக் கூடுதலாக எடுக்கும் வசதி எப்போதும் உண்டு, கடைமடையில் இருப்பவருக்குக் குறைவு உறுதி. இந்த ஏற்றத்தாழ்வை மனிதரின் நல்லெண்ணத்திடம் விட்டிருந்தால் வன்னியில் ஒரு குளமும் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்திராது. இரவில் மடையை வெட்டி நீரைத் திருப்புவோர் என்றும் இருந்தார்கள். ஆயினும் காலையில் கடைமடைக்காரர் வரம்பு வழியே நடந்து வரும்போது, ஈரம் எங்கே நிற்கிறது என்பதே வெட்டியவரைக் காட்டிக் கொடுத்துவிடும். குற்றம் தன் சுவட்டைத் தானே விட்டுச் செல்லும்படி வாய்க்கால் அமைந்திருக்கிறது.

2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுவளங்களை நெடுங்காலம் அழியாமல் காத்துவந்த சமூகங்களை உலகின் பல பகுதிகளில் ஆராய்ந்தார். அவற்றில் அவர் கண்ட பொதுக்கூறுகள் வட்டவிதானையாரின் வேலையை அப்படியே விவரிப்பதுபோல் இருக்கின்றன: விதிகளை வகுப்பதில் பயனாளிகளுக்கே பங்கு இருக்கிறது, கண்காணிப்பவர் பயனாளிகளுள் ஒருவராகவோ அவர்களுக்குப் பொறுப்புக் கூறுபவராகவோ இருக்கிறார், முதல் தவறுக்குச் சிறு தண்டனையும் மீண்டும் செய்தால் பெரிய தண்டனையும் கிடைக்கின்றன, பிணக்கைத் தீர்க்கச் செலவில்லாத, அருகிலுள்ள ஒரு மன்று இருக்கிறது. இவற்றுள் படிமுறைத் தண்டனை என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதல் முறை மடை வெட்டியவரை ஊர் விலக்கி வைப்பதில்லை. வட்டவிதானையார் தனியே கூப்பிட்டுச் சொல்வார். அடுத்த முறை கமக்காரர் கூட்டத்தில் பேர் சொல்லப்படும். அதற்கும் அடங்காவிட்டால் நீர் முறை பின்தள்ளப்படும். ஒவ்வொரு படியிலும் திரும்பி வருவதற்கு வழி திறந்திருக்கிறது. ஊருக்குள் வாழ்ந்துகொண்டே திருந்தக்கூடிய தண்டனையாக அது இருப்பதால்தான் தண்டிக்கப்பட்டவர் அடுத்த போகத்தில் குளக்கட்டுத் திருத்தும் சிரமதானத்துக்கும் மண்வெட்டியோடு வருகிறார்.

களத்துக்கும் இத்தகைய கட்டுப்பாடு இருந்தது. சூடு மிதிக்கும் களத்தில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களை வழங்கும் மரபு வன்னியில் இருந்தது. நெல்லைப் ‘பொலி’ என்றே சொன்னார்கள். பூதம் கேட்டு அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. திறந்த வெளியில், ஆண்டின் விளைச்சல் முழுவதும் குவிந்து கிடக்கும் அந்தச் சில இரவுகளில், களத்துக்குள் வருபவர் எல்லோரும் அடக்கத்தோடும் விழிப்போடும் நடந்துகொள்ளும்படி அந்த அச்சம் செய்தது என்று எண்ண இடமுண்டு. அதுபோல, களவுப் பழி விழுந்தவரைக் கோயில் வாசலில் சத்தியம் செய்யச் சொல்வது இன்றும் அற்றுப்போகவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் முன் பொய்ச் சத்தியம் செய்ய முல்லைத்தீவில் துணிவோர் அரிது. ஆனால் இந்த முறை அப்பாவி ஒருவரின் மேல் பழியை ஏற்றிவைத்து, அதிலிருந்து மீளும் பாரத்தையும் அவர் தலையிலேயே சுமத்துகிறது என்பதை மறைக்கக்கூடாது.

வீடும் வீதியும் நடத்தையை எப்படி ஆளுகின்றன என்பதை அமெரிக்காவில் 1961 இல் ஜேன் ஜேக்கப்ஸ் விளக்கினார். ஒரு தெருவைப் பாதுகாப்பது முதலில் பொலிஸ் அல்ல, அந்தத் தெருவை நோக்கியிருக்கும் வாசல்களிலும் கடைகளிலும் இருப்பவர்களின் கண்களே என்பது அவர் வாதம். 1972 இல் ஒஸ்கார் நியூமன் அதை மேலும் எடுத்துச் சென்றார். சென் லூயிஸ் நகரில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களாக எழுப்பப்பட்ட புரூயிட்-ஐகோ குடியிருப்பு, கட்டி முடித்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள் சீரழிந்து அவ்வாண்டில் இடிக்கத் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டின் உள்ளும் துப்புரவாக இருந்தபோதும் பொதுவான படிக்கட்டும் நடைபாதையும் யாருக்கும் உரியவையாக இருக்கவில்லை. பக்கத்திலேயே அதேபோன்ற ஏழை மக்கள் வாழ்ந்த தாழ்வான வரிசை வீடுகளில் அந்த நிலை ஏற்படவில்லை. தம்முடையது என்று மக்கள் உணரும் வெளியையே அவர்கள் காக்கிறார்கள் என்ற முடிவுக்கு நியூமன் வந்தார்.

பழைய வன்னி வளவு இந்தக் கருத்துக்கு எடுத்துக்காட்டாக நிற்கக்கூடியது. வளவு வாயிலான கடப்பும், உயிர்க்கம்புகள் நட்ட கதியால் வேலியும், கூட்டிப் பெருக்கிய முற்றமும், வருவோர் போவோரைப் பார்த்தபடி பெரியவர் அமர்ந்திருக்கும் தலைவாசலும் சேர்ந்து, ஒழுங்கையில் நடப்பது யார் என்பதை எப்போதும் யாரோ ஒருவர் அறிந்திருக்கும்படி செய்தன. யாழ்ப்பாணத்தின் உயர்ந்த கிடுகு வேலி வீட்டை மறைத்துக் காத்தது. கிளுவைக் கதியால் இடைவெளியால் தெரியும் வன்னி முற்றமோ வீட்டைக் காட்டிக் காத்தது. போருக்குப் பின் வந்த கட்டடங்களில் இந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. இந்திய உதவியில் கட்டப்பட்டவை உட்பட வீட்டுத்திட்டங்கள் ஏராளமான குடும்பங்களுக்குக் கூரையைத் தந்தன, அந்த நன்றி மறக்கத்தக்கதன்று. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று பிரிந்த காணிகளில், பற்றைகள் மண்டிய வெறுவளவுகளுக்கு நடுவே தனித்து நிற்கும் வீட்டில், கணவனைப் போரில் இழந்த ஒரு பெண் பிள்ளைகளோடு இருக்கும்போது, அழைத்தால் கேட்கும் தூரத்தில் அயல் இல்லை. அயலவர் வெளிநாட்டிலோ, மண்ணுக்கடியிலோ, காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலிலோ இருக்கிறார்கள். 2011 ஆகஸ்டில், உடலில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்ட ‘கிறீஸ் பூதம்’ பற்றிய அச்சம் நாடெங்கும் பரவியபோது வடக்கின் பல ஊர்களில் பெண்கள் ஒரே வீட்டில் கூடிப் படுத்துறங்கினார்கள். பூதம் உண்டோ இல்லையோ, இருட்டும் தனிமையும் உண்மையாக இருந்தன.

அயலாரின் கண்ணைப் புகழ்ந்து பேசும்போது அதன் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கண் பெண் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பதையும் கணக்கெடுத்தது. எந்தச் சாதியார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதையும் அதுவே காவல் காத்தது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் அடிபட்டுத் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், ஊரில் ஒரு பொருள் காணாமற் போனபோது முதலில் யாருடைய குடிசையை நோக்கி அந்தக் கண் திரும்பியது என்பதைச் சொல்வார்கள். காணி உறுதி இல்லாதவர், குளத்தின் கீழ் வயல் இல்லாதவர், ஆகவே கூட்டத்தில் குரல் இல்லாதவர், எப்போதும் பார்க்கப்படுபவராகவே இருந்தார். பார்ப்பவர் வரிசையில் அவருக்கு இடம் தரப்படவில்லை.

பார்ப்பவரையும் பார்க்கப்படுபவரையும் முற்றாகப் பிரித்துவிடும் எண்ணத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாம். 1791 இல் அவர் வெளியிட்ட சிறைத் திட்டத்தில் கட்டடம் வட்டமாக இருக்கும். சுற்றுச்சுவரை ஒட்டிச் சிறைக்கூடுகள், நடுவில் ஒரு கோபுரம். கூடுகளின் பின்புறமிருந்து ஒளி வருவதால் கைதியின் ஒவ்வோர் அசைவும் கோபுரத்திலிருந்து தெரியும். கோபுரத்தின் உள்ளே யார் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே கைதிக்குத் தெரியாது. எப்போது பார்க்கப்படுகிறோம் என்று தெரியாதவர் எப்போதும் பார்க்கப்படுபவராகவே நடந்துகொள்வார் என்பது கணக்கு. பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் பூக்கோ 1975 இல் இதை எடுத்து விளக்கி, படைமுகாம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை, மருத்துவமனை யாவற்றிலும் இதே முறை பரவி, மனிதர் தம்மைத் தாமே காவல் காக்கும் நிலை உருவாயிற்று என்றார்.

பெந்தாமின் கோபுரத்தைப் பற்றி வன்னி மக்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1990களில் விடுதலைப் புலிகள் தமது காவல்துறையையும் நீதிமன்றங்களையும் அமைத்தார்கள். 1994 இல் தமக்கெனச் சட்டக்கோவைகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். போர்நிறுத்த காலத்தில் ஏ-9 வழியே வந்த வெளியூரார் பலரும் அங்கே வேகக் கட்டுப்பாடு மீறப்படாததையும், இரவில் பெண்கள் சைக்கிளில் தனியே போனதையும் எழுதினார்கள். அவர்கள் கண்டது உண்மை. அதே காலத்தில் வன்னியை விட்டு வெளியேற வேண்டியவர் பாஸ் எடுக்கவேண்டும், பின்னால் ஒருவரைப் பிணை நிறுத்தவேண்டும் என்பதும், மாற்றுக் கருத்துக்கு இடமில்லை என்பதும், பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. களவு இல்லாத தெருவையும் பிள்ளையை ஒளித்து வைத்த வீட்டையும் ஒரே கட்டுப்பாடுதான் தந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றதை மறப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. எல்லையின் மறுபுறம் வவுனியாவிலும் இதே பாஸ் வேறு நிறத்தில் இருந்தது. சொந்த நாட்டின் ஒரு நகரில் தங்குவதற்கு இத்தனை நாள் என்று எழுதிய துண்டோடு ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

பின்னர் 2009 இல் செட்டிகுளத்தில் மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாம் வந்தது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட அந்த வெளியின் வலயங்களுக்குக் கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர்கள் இடப்பட்டிருந்தன. வரிசை வரிசையான வெண்கூடாரங்கள், அவற்றுக்கிடையே பார்வை தடையின்றிச் செல்லும் நேர்ப்பாதைகள், குளிப்பதற்கும் மறைவில்லாத திறந்தவெளி. 2009 டிசம்பரிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. முகாம் முற்றாக மூடப்பட்டபோது 2012 செப்டெம்பர் ஆகியிருந்தது. அங்கே வாழ்ந்தவர் சிலர், ஊர் திரும்பிய பின்னும் நெடுநாள் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். பூக்கோ சொன்ன தன்னைத் தானே காவல் காப்பது என்பதை ஏட்டில் படிப்பதைவிட அந்தத் தாழ்ந்த குரலில் கேட்பது வேறு.

ஒருபக்கக் கண்ணின் இன்னொரு குறையை வெலிக்கடைச் சிறை காட்டியது. 1841 இல் கட்டப்பட்ட, மதிலும் காவலும் நிறைந்த அந்தச் சிறைக்குள் 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். எல்லாவற்றையும் பார்க்கும்படி கட்டப்பட்ட இடத்திலேயே அது நடந்தது. பார்ப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராதபோது, கட்டடத்தின் வடிவமைப்பு எவரையும் காப்பதில்லை.

போர் முடிந்த பின் வன்னியில் கசிப்பு எனும் கள்ளச்சாராயம், மணல் கடத்தல், காட்டில் முதிரையும் பாலையும் தறித்தல், கேரளக் கஞ்சா, அண்மைக் காலத்தில் ஐஸ் போதைப்பொருள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சந்திக்குச் சந்தி படைமுகாம் இருக்கும் மாவட்டத்தில் இவை எப்படி நடக்கின்றன என்று ஊரார் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஐயமும் கோபமும் கலந்த இந்தக் கேள்விக்கு இதுவரை சொன்னவற்றிலேயே ஒரு பகுதி விடை இருக்கிறது. முகாமின் கண் ஊரைக் காக்க அமைந்ததன்று. ஊரிலிருந்து தன்னைக் காக்க அமைந்தது. மறுபுறம், முன்பிருந்த அச்சத்தின் ஆட்சி ஒரே நாளில் அகன்றபோது, அதனடியில் வாழ்ந்திருக்கவேண்டிய ஊர்ச் சபையும் கமக்காரர் அமைப்பும் கோயிற் கூட்டமும் இடப்பெயர்வில் சிதறிப் போயிருந்தன. வெளியிலிருந்து வந்த கட்டுப்பாடு முப்பது ஆண்டுகள் நீடித்ததில், உள்ளிருந்து வரவேண்டியது பழக்கமின்றி மெலிந்திருந்தது.

இந்த வெற்றிடத்தைக் கடுமையான தண்டனையால் நிரப்பலாம் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. இலங்கையில் 1976 இன் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் அதை மீண்டும் தொடங்க எடுக்கப்பட்ட முயற்சி உயர்நீதிமன்றத்தில் தடைப்பட்டது. 2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதானார்கள், ஏற்கெனவே கொள்ளளவைப்போல் இரு மடங்குக்கு மேல் நிறைந்திருந்த சிறைகள் மேலும் நெருங்கின. தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கிறது என்று இத்தாலியரான சேசரே பெக்கரியா 1764 இலேயே எழுதிவிட்டார். அதன்பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவரை உறுதிப்படுத்தின. கசிப்புக் காய்ச்சுபவர் ஆண்டில் ஒருமுறை பிடிபட்டு, தண்டம் கட்டி, மறுகிழமை அதே அருவிக்கரையில் பரலை ஏற்றுவாரானால், தண்டத் தொகை அவருக்குத் தொழிலின் செலவுகளுள் ஒன்றாகிவிடுகிறது.

குற்றத்துக்குக் குற்றம் வழி வேறு. மணல் கடத்தலை எடுத்துக்கொண்டால், மணலை மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது. உழவு இயந்திரம் வேண்டும், அது ஆற்றுக்குள் இறங்க ஒரு பாதை வேண்டும், பிறகு பிரதான வீதிக்கு ஏறவேண்டும். கனகராயன் ஆற்றை ஒட்டிய ஊரில் உள்ளவர்களுக்கு அந்த இறங்குபாதைகள் எத்தனை, எவை என்பது தெரியும். புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தை வீதியில் மறித்துப் பார்ப்பதோடு, இறங்குபாதைகளை வெட்டி அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்து, அங்கே ஏறும் பெட்டிகளின் கணக்கை ஊர்ச் சங்கமும் வைத்திருக்க இடமளித்தால், ஆறு ஒரு குளத்து வாய்க்காலைப் போலாகிவிடும். கசிப்புக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. காடும் நீரும் இருக்கும் இடமெல்லாம் அதற்கு இடம். அங்கே முதலில் அறிபவர்கள் பெண்கள். அவர்கள் சொல்வதை இரகசியமாகக் காத்து உடனே செயற்படும் ஓர் அதிகாரி இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சொன்னவரின் பெயர் அன்று மாலையே காய்ச்சுபவரின் காதுக்கு எட்டிய ஊரில் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வெளிச்சத்தின் பயன் அளந்து காட்டப்பட்டது. நியூயோர்க்கின் பொதுக் குடியிருப்புகளில் 2016 இல் குலுக்கல் முறையில் தெரிவு செய்த இடங்களில் மட்டும் பெருவிளக்குகளை நிறுத்திப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பாரிய குற்றங்கள் 36 வீதம் குறைந்ததாகக் கண்டார்கள். வன்னியின் உள்வீதிகளிலும் சூரியசக்தி விளக்குகள் நடப்பட்டன. மின்கலம் பழுதாகிக் கம்பம் மட்டும் நிற்கும் இடங்களைப் பார்க்கும்போது, நட்டவரைவிட அதைப் பேணப்போகிறவர் யார் என்பதை முதலில் எழுதி வைத்திருக்கவேண்டும் என்றே தோன்றுகிறது. குளக்கட்டில் எலிவளை விழுந்தால் யாருடைய பங்கில் விழுந்தது என்று பார்த்து அவரே மண் போடும் வழக்கம் உள்ள மண் இது. விளக்குக்கும் அப்படியொரு பங்கு பிரிக்க முடியாதா? கண்காணிப்புக் கமராக்களைப் பொருத்துவது பற்றிப் பேசும் கூட்டங்களில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே: பதிவை யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார், பார்த்ததற்கு ஊருக்கு எப்படிப் பதில் சொல்வார் என்பவை கூட்டக் குறிப்பில் எழுதப்படவேண்டும், குளத்தின் கீழ் வயல் இல்லாத, காணி உறுதி இல்லாத குடும்பங்களிலிருந்தும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கவேண்டும்.

சிறுபோகக் காலத்தில், நள்ளிரவு தாண்டியபின், இரணைமடுவின் கீழ் ஒரு வாய்க்கால் வழியே ரோச் வெளிச்சம் ஒன்று மெல்ல நகர்ந்து வருவதைக் காணலாம். வட்டவிதானையார் மடைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அவருக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு வெளிச்சமும் வரும். அது கடைமடை வயற்காரருடையது. தன் முறை நீர் வந்து சேரும்வரை அவர் உறங்குவதில்லை. வட்டவிதானையார் எந்த மடையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டே வருகிறார்.